4,500 ரிங்கிட்டுக்கு ரெடிமேட் கேமிங் கணினி: விளம்பரம் பெயர் சொல்லாத பாகங்களைக் கேளுங்கள்

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகனுக்கு கேமிங் கணினி வேண்டும், மானிட்டரோடு சேர்த்து 4,500 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. கையில் மூன்று விலைகள் இருக்கின்றன. முதலாவது கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் ஒரு கடை போட்டுக் கொடுத்த பேக்கேஜ்: ஐ5-12400எஃப் செயலி, ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம், ‘600 வாட் பவர் சப்ளை’, 3,799 ரிங்கிட். இரண்டாவது ஷோரூமில் பார்த்த பெரிய பிராண்டு டவர்: ஐ5-14400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி, 512 ஜிபி, வீட்டுக்கே வந்து பார்க்கும் இரண்டு வருட வாரண்டி, 4,699 ரிங்கிட். மூன்றாவது இணையத்தில் பார்த்தது: ‘ஐ7, 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ், விண்டோஸ் 11 புரோ, வானவில் விளக்கு’, 2,399 ரிங்கிட். மகன் ஆடுவது வேலரண்ட், ஈஏ எஃப்சி கால்பந்து. ஆட ஆசைப்படுவது பிளாக் மித் வூகோங். இதில் எதை வாங்கலாம் என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.’ உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பல வருடமாகக் கணினி பழுது பார்க்கிறவன். விற்பதில்லை, அதனால் எந்தக் கடையோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதே நேரத்தில் இதையும் சொல்லிவிட வேண்டும்: என் மேஜைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போனவை. வாங்கிய நாள் முதல் ஒழுங்காக ஓடும் நூற்றுக்கணக்கான கணினிகள் என் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே என் பேச்சில் சந்தேகம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

விளம்பரத்தில் எப்போதும் நான்கு விஷயங்களுக்குத்தான் பெயர் இருக்கும்: செயலி, கிராபிக்ஸ் கார்டு, எத்தனை ஜிபி ரேம், எவ்வளவு எஸ்எஸ்டி. பையன்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த நான்கைத்தான், கடைக்காரர் அறிந்தே போடுகிறார். பாகங்களையெல்லாம் பூட்டும் மதர்போர்டு என்ன மாடல், பவர் சப்ளை யார் தயாரிப்பு, ரேம் ஒரே துண்டா இரண்டு துண்டா, எஸ்எஸ்டி என்ன பிராண்டு என்பதெல்லாம் வெறும் எண்ணாகவோ ஒன்றுமே இல்லாமலோ போய்விடும். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்கிற இடம் அங்கேதான். எனவே கணினி தெரியாதவர் கடையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘ஒவ்வொரு பாகத்துக்கும் பிராண்டும் மாடலும் எழுதிக் கொடுங்கள், பாஸ்.’ எழுதித் தருகிறவரிடம் மேலே பேசலாம். ‘எல்லாம் நல்ல சாமான்தான், கவலைப்படாதீங்க’ என்று சிரிக்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். லோயாட்டில் அடுத்த கடை பத்தடியில் இருக்கும்.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடுவோம், அதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. ஐ7 என்பது இன்டெல் செயலிகளில் ஒரு வரிசையின் பெயர். 2012-இல் வந்த ஐ7-3770-ம் ஐ7தான், 2024-இல் வந்த ஐ7-14700-ம் ஐ7தான். எண்ணைச் சொல்லாமல் ஐ7 என்று மட்டும் போட்டால் அது பெரும்பாலும் அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய பழைய பெட்டி, அல்லது பழைய சர்வர் செயலியைப் புதுக் கேஸிங்கில் வைத்தது. ‘8 ஜிபி கிராபிக்ஸ்’ என்று பெயரில்லாமல் வருவது பல நேரம் ஆர்எக்ஸ் 580 கார்டின் 2048எஸ்பி வகையாக இருக்கும். 2018-இல் சீனச் சந்தைக்காக வந்த அந்த கார்டு, பெயரில் 580 என்றாலும் உள்ளே 570-க்குச் சமம். ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் மட்டுமே. பழைய பெட்டியில் அதை ஏமாற்றிப் போட்டுக் கொடுத்துவிட முடியும். ஆனால் உங்கள் மகன் ஆடும் வேலரண்டில் மோசடி ஆட்டத்தைத் தடுக்கும் காவல் மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற, பழைய பெட்டியில் பல நேரம் இல்லாத இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் ஆட்டத்தைத் திறக்கும். 2,399 கொடுத்து வாங்கி வந்து, வேலரண்ட் திறக்கவில்லை என்று முழித்துக்கொண்டு நிற்கும் பையன்களை எனக்குத் தெரியும். திரும்ப விண்டோஸ் 10-க்குப் போவதும் வழியில்லை, அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இரண்டாவது, பிராண்டு டவர். மோசமான பொருள் இல்லை. ஒரே நிறுவனம் முழுப் பொறுப்பு, விண்டோஸ் உரிமம் அசல், கெட்டால் ஆள் வீட்டுக்கு வருவார். கார் இல்லாதவருக்கும், வேலை முடிந்து லோயாட்டுக்கு அலைய நேரமில்லாதவருக்கும் இந்த வாரண்டி பெரிய விஷயம். ஆனால் டவர் மட்டுமே உங்கள் மொத்த பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது, அதுவும் 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டோடு. பெரிய பிராண்டுகளின் டவர்களில் இன்னொரு வம்பு உண்டு. சில மாடல்களில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்த நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் இருக்கும். வாரண்டி முடிந்தபிறகு பவர் சப்ளை போனால் வெளியில் வாங்கியது பொருந்தாது. கார்டை மாற்ற நினைத்தாலும் வயர் போதாது. எல்லா மாடலும் இப்படி இல்லை. ஷோரூமில் ‘பவர் சப்ளை சாதாரண ஏடிஎக்ஸ் அளவுதானா’ என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் அந்த மாடலின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டும் வீடியோ யூடியூபில் கிடைக்கும், மகனே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். இதே டவர் சலுகை விற்பனையில் 4,000 பக்கம் இறங்கினால் என் கருத்து மாறக்கூடும்.

மிச்சம் லோயாட் பேக்கேஜ். கணக்குப் பாருங்கள்: 4,500-இல் மானிட்டருக்கு 500, கீபோர்டு, மவுஸ், ஹெட்செட்டுக்கு 200 ஒதுக்கினால் டவருக்கு 3,800 நிற்கிறது. 3,799 என்ற விலை கச்சிதமாக உட்காருகிறது. ஐ5-12400எஃப் 2022-இல் வந்த ஆறு கோர் செயலி, பழையதுதான், ஆனால் 5060 கார்டுக்கு 1080பி (ஃபுல் எச்டி) திரையில் போதும். வேலரண்ட் இதில் விநாடிக்கு 144 படங்களைத் தாராளமாகத் தாண்டி ஓடும். எனவே நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இப்படியே எடுக்க மாட்டேன், மூன்று இடத்தில் பேரம் பேசுவேன்.

முதல் இடம் பவர் சப்ளை. ‘600 வாட்’ என்பது பெயர் இல்லை, ஸ்டிக்கரில் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளும் எண். 5060-ஐ உருவாக்கிய என்விடியா அதற்குப் பரிந்துரைப்பது 550 வாட். கார்டு தனியாக இழுப்பது 145 வாட், செயலி உச்சத்தில் 117 வாட். ஆக உண்மையான 550 வாட் இருந்தால் தாராளம், ஸ்டிக்கர் 600 இருந்தால் ஆபத்து. ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. மின்னழுத்தம் எகிறும்போது தன்னையும் மற்ற பாகங்களையும் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது. நான் பார்த்தவரை மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு சாகும் ஒரே பாகம் இதுதான். அறியப்பட்ட நிறுவனத்தின் தயாரிப்பா, மாடல் என்ன, அந்தத் தயாரிப்பாளர் எத்தனை வருட வாரண்டி கொடுக்கிறார் என்று கேளுங்கள். ஐந்து வருடம் கொடுக்கிறவருக்குத் தன் சரக்கின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். ஒரு வருடம் மட்டும் என்றால் நூறு ரிங்கிட் கூடக் கொடுத்தாவது மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது ரேம். 16 ஜிபி என்றால் 8 ஜிபி துண்டு இரண்டாக இருக்க வேண்டும். ஒரே 16 ஜிபி துண்டாகப் போட்டால் செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே இருக்கும் இரண்டு பாதைகளில் ஒன்று மூடியே கிடக்கும். சில ஆட்டங்களில் அது நன்றாகவே தெரியும். ‘பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்’ என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் அந்தப் ‘பின்னால்’ எப்போது மலிவாகும் என்று தெரியாத காலம் இது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் ஊரறிந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகின்றன, தயாரிப்பாளர்களும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள். பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால் மலிவு என்று உறவுக்காரப் பையன் யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். பழைய விலையில் சரக்கு வைத்திருக்கும் கடையின் பேக்கேஜ், இன்றைய சில்லறை விலையில் பூட்டுவதைவிட மலிவாக அமைவதும் உண்டு. பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது எஸ்எஸ்டி. 512 ஜிபி போதாது. பிளாக் மித் வூகோங் ஒன்றே 130 ஜிபி கேட்கிறது. விண்டோஸ், வேலரண்ட், கால்பந்து என்று நிரம்பியபின் ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் எதையாவது அழிக்க வேண்டிவரும். 1 டிபி (ஏறக்குறைய 1,000 ஜிபி) கேளுங்கள், வேகமான என்விஎம்இ வகையாக, பெயருள்ள பிராண்டாக. இதற்கும் பவர் சப்ளைக்கும் சேர்த்து இருநூறு, முந்நூறு ஏறலாம். அதை ஈடுகட்ட வழி இருக்கிறது: விளக்கு விசிறிகளையும் முன்பக்கக் கண்ணாடிக் கேஸிங்கையும் கழற்றச் சொல்லி, வலை முகப்புள்ள சாதாரண கேஸிங் கேளுங்கள். நம் ஊர் வெயிலில், ஏர்கான் இல்லாத அறையில், கண்ணாடி முகப்பு அழகாக நின்று வெந்துபோகும். மகன் முகம் சுளிப்பான். பரவாயில்லை.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். 5060-இல் இருப்பது 8 ஜிபி காட்சி நினைவகம். இன்று வேலரண்டுக்கும் எஃப்சிக்கும் அது போதும் என்பதில் ஐயமில்லை. வூகோங் போன்ற கனமான ஆட்டங்களை 1080பி-யில் நடுத்தர அமைப்பில், டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டி வேகம் கூட்டும் என்விடியா வசதி) போட்டு ஆடலாம். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் திணறும். மூன்று வருடம் கழித்து வரும் ஆட்டங்களுக்கு 8 ஜிபி போதுமா என்பது ஊகம், அடித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். என் ஊகம், சில ஆட்டங்களில் படத்தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது. 16 ஜிபி கார்டு வேண்டுமென்றால் 5060 டிஐ-இன் 16 ஜிபி வகையோ போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வகையோ இருக்கிறது. இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக ஒரே பெயரில் விற்கப்படுவதால் பில்லில் 16 என்று எழுதி வாங்க வேண்டும். ஏஎம்டி கார்டோடு ஒரு விலைப்புள்ளி கேட்டுப் பாருங்கள். 4,500-க்குள் அடங்கினால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். அடங்காவிட்டால் அதற்காகத் தவணைக் கடனுக்குப் போக வேண்டாம்.

செயலியிலும் இதே போல ஒரு ‘இருக்கலாம்’ உண்டு. 12400எஃப் உட்காரும் மதர்போர்டு வகை முடிந்துபோன வரிசை. ஏஎம்டியின் ஏஎம்5 வகை மதர்போர்டில் ரைசன் 5 7500எஃப் செயலியைப் போட்டால், 2027-க்கு அப்பாலும் அதே மதர்போர்டுக்குப் புதுச் செயலிகள் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குப் புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம் வேண்டும், இப்போது அதுதான் கையைச் சுடுகிறது. பெரும்பாலான வீடுகளில் யாரும் செயலியை மட்டும் மாற்றுவதில்லை, ஐந்து வருடம் கழித்துப் பெட்டியையே மாற்றுகிறார்கள். எனவே இதற்காக மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். கடைக்காரர் ‘கொஞ்சம் சேர்த்தால் ஐ7 போட்டுத் தருகிறேன்’ என்று இழுத்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். அந்தப் பணம் ஆட்டத்தில் தெரியாது. தவிர, 13, 14-ஆம் தலைமுறை இன்டெலின் மேல்தட்டுச் செயலிகள் சில நிலைகுலைந்துபோய், 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காத கடையில் வாங்கினால் அதுவும் உங்கள் தலையில் விழும். (பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972-இலிருந்து இருக்கிறது. பக்கத்து ஊரில் பொருத்திச் சோதிக்கிறார்களே, நமக்கு விலை குறையக்கூடாதா என்று என் வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். குறையாது.)

மானிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் வகைத் திரை, 144 ஹெர்ட்ஸோ (விநாடிக்கு 144 படம்) அதற்கு மேலோ. வீட்டுக்கு வந்ததும் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதால் மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸில் கிடந்தால் மேலே மாற்றிவிடச் சொல்லுங்கள். மாற்றாமலே மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு.

கடையில் பணம் கட்டும் முன் அரை மணி நேரம் கேளுங்கள், மகனையும் கூட்டிப் போங்கள். கணினியை ஓடவிட்டு விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலியின் பெயர், ரேமின் வேகம், எத்தனை இடத்தில் ரேம் இருக்கிறது, கார்டின் பெயர் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போலி என்விடியா கார்டுகளைப் பலவற்றில் கண்டுபிடித்து ‘போலி’ என்றே காட்டிவிடும். விண்டோஸ் உரிமம் செல்லுபடியாகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். பேக்கேஜ் விலையில் பெரும்பாலும் உரிமம் சேர்ந்திருக்காது. சேர்ந்திருக்கிறது என்று சொன்னால் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து பவர் சப்ளை, கார்டு, மதர்போர்டு மூன்றின் வரிசை எண்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கோபப்படுகிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வாரண்டியில் இரண்டு அடுக்கு இருக்கிறது, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கடை கொடுப்பது பூட்டிய வேலைக்கான வாரண்டி, சாதாரணமாக ஒரு வருடம். பாகங்களுக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி தனி, கார்டுக்கும் மதர்போர்டுக்கும் மூன்று வருடம் வரை இருக்கும். கடை மூடிப்போனாலும் அந்த இரண்டாவது வாரண்டி உயிரோடு இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு பாகத்தின் பெயரும் வரிசை எண்ணும் உள்ள பில்லும் பெட்டிகளும் உங்களிடம் இருக்க வேண்டும். ‘கேமிங் பிசி செட்: 1’ என்று ஒற்றை வரியில் எழுதிய பில் எதற்கும் உதவாது. மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்பார்கள். பின்னாளில் எஸ்எஸ்டி சேர்க்கவோ தூசு தட்டவோ திறக்கலாமா என்று இப்போதே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். சொன்ன பாகம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று பின்னால் தெரிந்து கடை கையை விரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துதான் பெங்குனா மலேசியா. மனுவுக்கு 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே பேசப்போவது உங்கள் பில்லும் அந்த வாட்ஸ்அப்பும்தான்.

வாங்கும் முன் இன்னொன்று மகனிடம் கேட்டுவிடுங்கள்: வீட்டிலிருந்து படிவம் ஆறு படிக்கப் போகிறானா, மெட்ரிகுலேஷன் விடுதிக்குப் போகிறானா? விடுதி என்றால் டவரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, மடிக்கணினிதான் சரி. ஆனால் மடிக்கணினியில் வரும் 5060, டவரில் வரும் 5060 அல்ல, பெயர் ஒன்றானாலும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வேறு வகை. அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

வீட்டில் வைக்கும் இடத்தையும் இப்போதே யோசியுங்கள். சாமி அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் தூசும் சேர்ந்து விசிறியில் பிசுபிசுவென்று படிந்துவிடும், ஊதினாலும் போகாது, கழற்றித்தான் துடைக்க வேண்டும். மாலை இடி மழை நேரத்தில் மின்கம்பியை மட்டும் பிடுங்கினால் போதாது, ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்குங்கள். ஃபைபர் கம்பி கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக ஏறும் மின்னழுத்தம் அந்த லேன் கேபிளில் நேரே மதர்போர்டுக்கு வரும். கோலாலம்பூரில் இடி மழைக்குப் பிறகு வரும் மதர்போர்டுகளில் லேன் துளைப் பக்கம் கருகியவற்றை நிறையவே பார்க்கிறேன்.

கடையில் பவர் சப்ளையின் பிராண்டும் மாடலும் எழுதித் தந்ததும் அதை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.